துரை ஊரில் தோட்டக்காரர் ஆவது எப்படி?

ஸ்காட்லாந்துக்காரர்கள் நம் மலைகளுக்கு வந்து மரம் நட்டார்கள், மரம் வெட்டினார்கள், தோட்டம் போட்டார்கள், துரை என்று கூப்பிடச் சொல்லி இருந்துவிட்டும் போனார்கள். ஹ்யூ கிளெக்ஹார்ன் என்ற டாக்டர் 1820-ல் சென்னையில் பிறந்து, ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் குடும்ப எஸ்டேட்டில் வளர்ந்து, மறுபடி இங்கே வந்து, 1856-ல் மதராஸ் மாகாணத்துக் காடுகளுக்குக் கன்சர்வேட்டர் ஆனார். வைத்தியம் படித்தவருக்குக் காட்டைக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளோ மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நாலு வருஷம் மரத்தையே படித்துவிட்டு வங்கித் தேர்வுக்குத் தயாராகிறார்கள். இந்தக் கணக்கை நேர்செய்ய ஒரே வழிதான் உண்டு. எதிர்த்திசையில் போக வேண்டும். ஹைலண்ட்ஸ் மலைப்பகுதியில் இருபதாயிரம் ஏக்கர் எஸ்டேட் ஒன்றில் தங்கி, அவர்கள் காட்டையும் தோட்டத்தையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கான வழிகாட்டி இது. படித்தால் வேலை கிடைக்கும் என்று உறுதி சொல்லவில்லை. கிடைத்த பிறகு எதற்காக எடுத்தார்கள் என்று விளங்கும்.

விசாவை முதலில் முடித்துவிடுவோம், அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பிரிட்டனின் சீசன் விசா ஸ்ட்ராபெரி பறிப்பது போன்ற பண்ணை வேலைக்கு, அதுவும் ஆறு மாதத்துக்கு. பிரபு வீட்டு ரோஜாவுக்குத் தண்ணீர் விட அது உதவாது. திறன்பணி விசா வேண்டுமென்றால், 2025 ஜூலையிலிருந்து வேலையே பட்டதாரித் தரத்தில் இருக்க வேண்டும் என்று ஏற்றிவிட்டார்கள். களை பிடுங்குவது அந்தத் தரத்தில் வராது என்பது அரசாங்கத்தின் எண்ணம். குனிந்து களை பிடுங்கிப் பார்த்த அமைச்சராக இருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். மிச்சம் இருப்பது இந்திய இளைஞர்களுக்கான குலுக்கல் திட்டம். பதினெட்டிலிருந்து முப்பது வயது, கையில் ஒரு பட்டம், வங்கியில் 28 நாள் அசையாமல் கிடக்கும் 2,530 பவுண்டு. ஆண்டுக்கு 3,000 இடம். பெயர் விழுந்தால் இரண்டு வருஷம் அநேகமாக எந்த வேலையும் பார்க்கலாம். குலுக்கலில் பெயர் விழவைத்துத் தருகிறேன் என்று எட்டு லட்சம் கேட்கும் ஏஜென்ட் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இருப்பார். குலுக்கலைத் திருப்ப முடிந்தவர் கேரளா லாட்டரி வாங்கியிருக்கலாமே என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அடுத்தது விளம்பரம். எஸ்டேட் வேலைக்கு வரும் விளம்பரத்தில் சம்பளம் கடைசி வரியில் இருக்கும், வீடு முதல் வரியில் இருக்கும். ஓடைக் கரையில் கல்லால் கட்டிய வீடு, வாடகை இல்லை. இங்கே மனம் இளகக் கூடாது. நான்கு கேள்வி கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஓடையிலிருந்து என்றால், கரி மண்ணில் ஊறிய பழுப்பு நிறத்தில் வரும். குடிக்கலாம், வெள்ளை வேட்டி துவைக்க முடியாது. சூடு எப்படி? விறகடுப்பு என்றால், விறகை யார் பிளப்பது என்று கேட்கவே தேவையில்லை. செப்டிக் டேங்க் யார் பொறுப்பு? கடைசிக் கேள்விதான் முக்கியம்: பெரிய வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து உங்கள் புகைபோக்கி தெரியுமா? தெரியுமென்றால் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் புகை வந்தால், ஆள் எழுந்துவிட்டான் என்று பொருள். ஆள் எழுந்துவிட்டால், கொட்டகையில் கிடக்கும் ஏணியைக் கொஞ்சம் பிடிக்க முடியுமா என்று ஒரு குரல் வரும். மரியாதையான குரல். மறுக்கவே முடியாத அளவுக்கு மரியாதையான குரல். வாடகை இல்லாத வீட்டின் வாடகை இந்த ஏணிதான்.

இது இன்று நேற்று வந்த ஏற்பாடு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு எஸ்டேட்டுகளில் சுற்றிலும் உயரமான மதில் எழுப்பி உள்ளே காய்கனி வளர்ப்பார்கள். தெற்குப் பார்த்த பக்கம் வெயில் விழும், அங்கே பீச்சும் ஏப்ரிகாட்டும் சுவரோடு சுவராகப் படரும். சில மதில்களுக்குள் புகைக்குழாய் ஓடும். பழ மரத்துக்குக் குளிரக் கூடாது என்று சுவரையே சூடாக்கினார்கள். கல்யாணமாகாத இளம் தோட்டக்காரர்களுக்கு அதே மதிலின் வடக்குப் பக்கத்து நிழலில், கொதிகலன் அறையை ஒட்டி ஒரு கொட்டகை. ஆங்கிலத்தில் பாத்தி (bothy) என்று அதற்குப் பெயர். ராத்திரி எழுந்து அடுப்புக்குக் கரி போடுவதும் அவர்கள் வேலை. ஏப்ரிகாட்டுக்குக் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொண்டவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்த்தார்கள் என்று தோட்டக் கணக்குப் புத்தகத்தில் எழுதும் வழக்கம் இருக்கவில்லை. இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. உங்கள் வீட்டுக்கு நாலு பக்கமும் ஜன்னல் உண்டு.

ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மேலே லேர்ட், அதாவது நிலத்துக்குச் சொந்தக்காரர். பாதி நாள் லண்டனில் இருப்பார். சில எஸ்டேட்டுகளில் இன்னும் தூரத்தில் இருப்பார். ஸ்காட்லாந்தில் தனியார் கையிலுள்ள மிகப் பெரிய நிலப்பரப்பு இன்று டென்மார்க்கைச் சேர்ந்த ஆயத்த ஆடை அதிபர் ஒருவருடையது. தனியார் கிராமப்புற நிலத்தில் பாதி ஐந்நூறுக்கும் குறைவான உரிமையாளர்களிடம் இருக்கிறது. அத்தனை பேரையும் நம்மூர் ஏ.சி. கல்யாண மண்டபம் ஒன்றில் உட்காரவைத்து ஒரே பந்தியில் சாப்பாடு போட்டுவிடலாம். அவருக்குக் கீழே ஃபேக்டர், நம்மூர்க் கணக்குப்பிள்ளை மாதிரி. சம்பளம் போடுகிறவர், வேலையை விட்டு அனுப்புகிறவர், மழையில் நனையாதவர். பிறகு கேம்கீப்பர்: மானையும் பறவையையும் வேட்டைக்கு வளர்ப்பவர், பேசமாட்டார். அதன் பிறகு நாய்கள். ஒரு லாப்ரடாரும் இரண்டு ஸ்பேனியலும் குறைந்தபட்சம். நீங்கள் நாய்களுக்கு அடுத்து. இதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாய்கள் உங்களைச் சீக்கிரமே சமமாக நடத்தத் தொடங்கிவிடும்.

லேர்ட் முதல் நாளே, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார். வயதில் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட உங்கள் நாக்கு எழாது. ஒரு மாதம் ஸார் என்பீர்கள், அவர் கூச்சப்படுவார். கடைசியில் எதுவுமே சொல்லாமல் தொண்டையைச் செருமிப் பேச்சைத் தொடங்கக் கற்றுக்கொள்வீர்கள். இது நல்ல முறை. அங்கே வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இனி மரம். நீங்கள் படித்த தேக்கு, ஈட்டி, சில்வர் ஓக் எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஒரே ஒரு மரத்தை மனப்பாடம் செய்யுங்கள்: சிட்கா ஸ்ப்ரூஸ். வட அமெரிக்காவின் பசிபிக் கரையிலிருந்து 1831-ல் இதன் விதையைக் கொண்டுவந்து சேர்த்தவர் டேவிட் டக்ளஸ். பெர்த் அருகே ஸ்கோன் அரண்மனைத் தோட்டத்தில் எடுபிடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர்; எஸ்டேட் தோட்டக்காரர்களுக்கு ஒரு குலதெய்வம் வேண்டுமென்றால் இவரை வைத்துக்கொள்ளலாம். 1834-ல் ஹவாய் தீவில், காட்டு மாடு பிடிக்க வெட்டிய குழி ஒன்றில், உள்ளே விழுந்திருந்த மாட்டின் காலடியில் இறந்து கிடந்தார். ஆகவே மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள்.

முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்கும் சுரங்கத்துக்கும் முட்டுக் கொடுக்க மரம் போதாமல் திண்டாடிய பிரிட்டன், 1919-ல் வன ஆணையம் அமைத்து நடத் தொடங்கியது. எந்தச் சதுப்பிலும் எந்தக் காற்றிலும் சிட்கா நிற்கும் என்று தெரிந்தபின் மலை மலையாக அதையே நட்டார்கள். ஹெக்டேருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல், முப்பத்தைந்து நாற்பது வருஷத்தில் அறுவடை. உள்ளே போய்ப் பாருங்கள், பகல் பன்னிரண்டு மணிக்கு டார்ச் வேண்டும். பறவைச் சத்தம் இருக்காது. தரையில் ஊசியிலைச் சருகு தவிர எதுவும் இருக்காது. காட்டுக்குள் நுழைந்தோமா நெல் வயலுக்குள் நுழைந்தோமா என்று சந்தேகம் வந்தால், வயல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பயிரின் உயரம் மட்டும் நூறு அடி.

நடுவது பாதி வேலைதான், நட்டதைப் பிடுங்குவது மறுபாதி. 1980-களில் வடக்கே ஃப்ளோ கண்ட்ரி என்ற பெரும் சதுப்பில் மரம் நட்டால் வருமான வரியில் சலுகை என்றார்கள். டிவி பிரபலங்கள் உட்பட, சதுப்பை நேரில் பார்த்தறியாத பணக்காரர்கள் பணத்தைப் போட்டார்கள். உழுது, வடிகால் வெட்டி, நட்டாயிற்று. 1988 பட்ஜெட்டில் சலுகை போயிற்று. பிறகுதான் அந்தச் சதுப்பின் கரி மண் ஆயிரக்கணக்கான வருஷமாகக் கார்பனைப் பிடித்து வைத்திருக்கிறது, மரம் அதை உலர்த்திக் கெடுக்கிறது என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இப்போது அரைகுறையாக வளர்ந்த மரங்களை வெட்டி வாய்க்காலை அடைக்கிறார்கள். 2024-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆகிவிட்டது. எனவே நாற்று நடும்போது ரொம்ப ஆழமாக நட்டுவிடாதீர்கள். உங்களுக்கு அடுத்து வருகிறவனை நினைத்துக்கொள்ளுங்கள்.

செயின்சா பற்றி விளையாட்டாகச் சொல்ல முடியாது, ஆனாலும் முயல்கிறேன். தகுதிச் சான்றிதழ் இல்லாமல் வேலையிடத்தில் அதைத் தொடக் கூடாது. முதல் பாடம் மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்வது. இரண்டாவது, அடிமரம் ஒரு சாண் ஒன்றரைச் சாண் குறுக்களவுள்ள சின்ன மரங்களைச் சாய்ப்பது. இதற்கென்றே ஒரு கால்சட்டை உண்டு. உள்ளே நீள நீளமான இழைகள் அடுக்கியிருக்கும். சங்கிலி காலில் பட்டால் இழைகள் பிய்ந்து பல்சக்கரத்தில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். முன்பக்கம் மட்டும் காப்பது ஒரு வகை, சுற்றிலும் காப்பது இன்னொரு வகை. காசைப் பார்க்காமல் இரண்டாவதை வாங்குங்கள். பின்னங்காலும் உங்கள் கால்தான். மரம் விழும் திசையில் ஆப்பு வடிவத்தில் வெட்டி எடுத்து, பின்பக்கமிருந்து அறுத்து வந்து, நடுவில் கீல் மாதிரி கொஞ்சம் அறுக்காமல் விட வேண்டும். அந்தக் கீல்தான் மரத்தை நடத்திக் கீழே கொண்டுபோகும். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது. பக்கத்து மரத்தில் சாய்ந்து மாட்டிக்கொண்டால் அதன்மேல் ஏறக் கூடாது, தாங்கி நிற்கும் மரத்தை வெட்டக் கூடாது, மேலே இன்னொரு மரத்தைத் தள்ளியும் விழவைக்கக் கூடாது. இவை மூன்றும் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனைகள். அதனால்தான் தனித்தனியாகத் தடை போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு விதியும் உண்டு: செயின்சாவோடு தனியாக வேலை செய்வதைத் தவிர்க்க வேண்டும். நீங்களோ இருபதாயிரம் ஏக்கரில் ஒற்றை ஆள். ஃபேக்டரிடம் இதைச் சொன்னால், போனைப் பக்கத்தில் வைத்துக்கொள் என்பார். போனில் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், மலையுச்சிக்குக் கை காட்டுவார். இந்த இடத்தில் மட்டும் நகைச்சுவையை நிறுத்திவிட்டு, இன்னொருவர் வராமல் அறுக்க மாட்டேன் என்று எழுத்தில் கொடுங்கள். அதற்காக வேலை போனால் போகட்டும்.

காற்று உங்களுக்கு முன்பே வேலையை முடித்து வைத்திருக்கும் நாட்களும் வரும். 2021 நவம்பரில் வந்த ஆர்வென் புயல் வடகிழக்கிலிருந்து அடித்தது. அங்கே பெருங்காற்று வழக்கமாகத் தென்மேற்கிலிருந்து வரும், மரங்களும் அதற்கேற்ப வேர் ஊன்றி நிற்கும். முதுகுப் பக்கமிருந்து தள்ளியதும் ஒரு கோடிக்கு மேல் மரங்கள் சாய்ந்தன. விழுந்த மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று இறுகிக் கிடக்கும்; எதை முதலில் அறுத்தால் எது துள்ளும் என்பது கைதேர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த வேலைக்குப் பெரிய இயந்திரத்தோடு ஆள் வருவார்கள். நீங்கள் தேநீர் போட்டுக் கொடுங்கள்.

இப்போது பூவுக்கு வருவோம். ஜூன் மாதம் மலைச்சரிவு முழுக்க ஊதா நிறத்தில் பூத்துக் கொட்டும். விருந்தினர்கள் காரை நிறுத்திப் படம் எடுப்பார்கள். லேர்டின் மனைவி, இதைப் பார்க்கத்தான் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறேன் என்பார். ரோடோடென்ட்ரான் போன்டிகம் என்ற அந்தச் செடியைக் கொல்வதுதான் உங்கள் வேலை. 1763 வாக்கில் பிரிட்டனுக்கு வந்தது. வேட்டைப் பறவைகள் ஒளிய நல்ல புதர் என்று விக்டோரியா காலத்து எஸ்டேட்காரர்கள் அள்ளி அள்ளி நட்டார்கள். இலையில் நஞ்சு, ஆடு மாடு தொடாது. நிழலில் வேறெதுவும் முளைக்காது. பெரிய புதர் ஒன்று வருஷத்துக்குப் பத்து லட்சம் விதை வரை உதிர்க்கும். கிளை மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விடும். வெட்டினால் அடியிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் தழைக்கும். வெட்டி, எரித்து, அடிக்கட்டைக்கு மருந்து தடவ வேண்டும், அல்லது தண்டைத் துளைத்து மருந்தை உள்ளே விட வேண்டும். பிறகு வருஷா வருஷம் வந்து மிச்சத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்து எஸ்டேட்காரர் தம் புதரை விட்டுவைத்தால் காற்று உங்களுக்கு விதை அனுப்பும்.

இதில் நாம் பெருந்தன்மையாக இருக்கத் தேவையில்லை. இதே ஸ்காட்லாந்துக் குன்றுகளில் மஞ்சளாகப் பூக்கும் கார்ஸ் முள்ளையும் ஸ்காட்ச் புரூமையும் இவர்களுடைய தாத்தாக்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். இன்று மேல் நீலகிரியின் புல்வெளிகளில் அவை பரவிக் கிடக்கின்றன, நம் வனத்துறை பிடுங்கிக்கொண்டிருக்கிறது. அவர்கள் பூவை நாம் இங்கே பிடுங்குகிறோம். அங்கே போயும் அவர்களுக்காக வேறு நாட்டுப் பூவைப் பிடுங்குகிறோம். கூலி மட்டும் பவுண்டில். நடைமுறை ஆலோசனை ஒன்று: அம்மணி ஊரில் இல்லாத வாரம் பார்த்து வெட்டுங்கள். சாலையோரம் நாலு புதரை விட்டுவையுங்கள். அறிவியல்படி தவறு, வேலையில் நீடிக்க அவசியம்.

மான் விஷயத்தில் யார் பக்கமும் சேராதீர்கள். ஸ்காட்லாந்தில் மான்கள் பத்து லட்சம் வரை இருக்கலாம் என்பது கணக்கு. ஓநாய் முந்நூறு வருஷத்துக்கு முன்பே தீர்ந்துபோனது. விக்டோரியா மகாராணியும் ஆல்பர்ட்டும் 1852-ல் பால்மோரல் எஸ்டேட்டை வாங்கியதும், மான் வேட்டை பணக்காரர்களுக்கு எல்லாம் தொற்றிக்கொண்டது. மான் எண்ணிக்கை குறையாமல் பார்ப்பதே எஸ்டேட்டின் கௌரவம் ஆயிற்று. மான் தின்பதில் முதலிடம் இளங்கன்றுகளுக்கு. நீங்கள் காலையில் நட்ட ரோவன் நாற்றை மாலையில் தின்னும். ஆளுயரத்துக்கு மேல் வேலி போட வேண்டும். வேலி போட்டால் பெரிய காட்டுக்கோழிகள் பறந்து வந்து கம்பியில் மோதிச் சாகும். அதனால் வேலியில் மரப்பட்டி கட்டி அவற்றுக்குத் தெரியவைக்க வேண்டும். கேம்கீப்பருக்கு மான் வேண்டும், வனக்காரருக்கு மரம் வேண்டும், இரண்டு பேருக்கும் சம்பளம் தருகிறவருக்கு இரண்டுமே வேண்டும். 2023 அக்டோபரில் ஆண் மான்களை வருஷம் முழுவதும் சுடலாம் என்று சட்டம் மாற்றியபோது மதுக்கடையில் இரண்டு கட்சிகள் தனித்தனி மேசையில் உட்கார்ந்தன. நீங்கள் நடுவில் நின்று பருகுங்கள். கேம்கீப்பர் தரும் மான் கறியை மட்டும் மறுக்காதீர்கள். கொழுப்பே இல்லாத கறி. மிளகு தூக்கலாகப் போட்டுக் குக்கரில் ஆறு விசில் வையுங்கள். இரண்டாவது முறை அவரே டப்பாவோடு வருவார், ஏன் வந்தேன் என்று சொல்லமாட்டார்.

பூச்சிகள்: மே முதல் செப்டம்பர் வரை மிட்ஜ். கண்ணுக்குத் தெரியாத அளவு, கூட்டமாக வரும், பெண் மட்டும் கடிக்கும். காற்று கொஞ்சம் வேகமாக வீசினால் பறக்காது, ஆகவே புயலை விரும்பப் பழகுங்கள். தலைக்கு வலை போட்டுக்கொள்ளலாம். டீ குடிக்க மறந்து வலையோடு வாயில் வைக்காதவர் இல்லை. உண்ணி இன்னும் மோசம். தினமும் இரவு உடம்பைத் தேடிப் பார்த்து, அதற்கான சின்னக் கொக்கியால் சுழற்றி எடுங்கள். கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பரவினால் டாக்டரிடம் ஓடுங்கள், லைம் நோய்க்கு வேடிக்கை கிடையாது. மழையைப் பற்றி ஒரே வரி: மேற்குப் பக்கத்து ஈரமான பள்ளத்தாக்குகளில் வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல், உள்ளூர்க்காரர்கள் அதைத் தூறல் என்பார்கள்.

மதில் தோட்டத்தில்தான் உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. திராட்சைக்காகக் கட்டிய பழைய கண்ணாடி வீட்டில் கடைசி மூலையில், ஜெரேனியம் தொட்டிகளுக்குப் பின்னால், ஒரு கறிவேப்பிலைக் கன்று வையுங்கள். குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும், செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். உரம் போட வேண்டாம், தண்ணீரைக் குறையுங்கள், ஏப்ரலில் துளிர்க்கும். என்ன செடி என்று கேட்டால் அரிய வகை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்று சொல்லுங்கள். பொய் இல்லை, தாவரவியல்படி சரியே. கடை நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஒற்றைத் தடச் சாலை, எதிரே வரும் ஒவ்வொரு காருக்கும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்ல வேண்டும். அப்படிப் போய்ச் சேர்ந்தாலும் அந்தக் கடையில் இது கிடைக்காது.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி கிரவுஸ் பறவை வேட்டை தொடங்கும். அதற்கு முந்தைய வாரம் குடும்பம் வந்து இறங்கும். இந்த ஒரு மாதத்துக்காகத்தான் மீதிப் பதினொரு மாதம். புல்தரை கோடு கோடாக இருக்க வேண்டும், ஆனால் வெட்டிய புல் ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது. பாதையில் சருகு கூடாது, பெருக்கிய தடமும் கூடாது. ஓடைக்கரை இயற்கையாக, முரட்டுத்தனமாக, அதே சமயம் ஹை ஹீல்ஸில் நடக்க வசதியாக இருக்க வேண்டும். விருந்தினர் ஜன்னலருகே நின்று மூச்சை இழுத்துவிட்டு, மனிதக் கை படாத இடம் என்பார். அப்போது நீங்கள் வெளியே பூச்செடி மறைவில் கையில் முள் குத்தி நின்றுகொண்டிருப்பீர்கள். இருமக் கூடாது. இதுதான் நீங்கள் வாங்கக்கூடிய மிக உயர்ந்த பாராட்டு. நம்மூரில் வேலைக்காரர் வேலை செய்துகொண்டே இருக்கிற மாதிரித் தெரிய வேண்டும். அங்கே வேலை முடிந்திருக்க வேண்டும், வேலைக்காரர் தெரியவே கூடாது. எனக்கு முன்னதே மேல் என்று தோன்றும். குறைந்தது திட்டு வாங்கும்போதாவது ஆள் இருப்பதை ஒப்புக்கொள்கிறார்கள்.

மலையேறிகள் தோட்டத்துக்குப் பக்கமாகப் போனால் விரட்டாதீர்கள். 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் யாரும் யாருடைய நிலத்திலும் பொறுப்போடு நடக்கலாம். வீட்டையொட்டிய இடம் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. எஸ்டேட் நாய்கள் இந்தச் சட்டத்தைப் படித்ததில்லை, அதை மன்னிப்போடு விளக்குவது உங்கள் பொறுப்பு. வழி கேட்பார்கள், சொல்லுங்கள். நடுக்காட்டில் கிடக்கும் கற்குவியல்கள் என்ன என்று கேட்டால் அதையும் சொல்லுங்கள், லேர்ட் பக்கத்தில் இல்லாவிட்டால். அவை வீடுகள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆட்டுப் பண்ணைக்கு இடம் வேண்டுமென்று குடியானவர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றினார்கள். சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814-லும் 1819-லும் கூரைகளுக்குத் தீ வைத்தே விரட்டினார்கள். அங்கே ரோசல் என்ற ஊரின் இடிபாடுகளைச் சுற்றிப் பிற்காலத்தில் ஊசியிலைக் காடு வளர்த்தார்கள். ஊர் மட்டும் நடுவில் புல்வெளியாக நிற்கிறது. ஜன்னலருகே நின்று மூச்சிழுத்த விருந்தினர் பார்த்த வெறுமை இப்படி உண்டானதுதான். மரம் நடக் குழி தோண்டும்போது அடுப்புக்கல் தட்டுப்பட்டால், ஓர் அடி தள்ளித் தோண்டுங்கள். ரோவன் மரம் ஒன்று தனியாக நின்றால் வெட்டாதீர்கள். சூனியம் அண்டாதிருக்க வாசலில் நடுவது அவர்கள் வழக்கம், அங்கே ஒரு வாசல் இருந்திருக்கும்.

டிசம்பரில் சூரியன் ஒன்பது மணிக்கு எழுந்து மூன்றரைக்குப் போய்விடும். அந்தச் சமயத்தில் ஆறரை மணிநேரத்துக்குள் ஒரு நாள் வேலையை முடித்துவிட்டு, மீதிப் பொழுதை விறகு பார்த்தே கழிக்கலாம். விறகை இரண்டு வருஷம் காயவைக்க வேண்டும். அதாவது நீங்கள் எரிப்பது உங்களுக்கு முன்பு இருந்தவர் பிளந்தது. அவர் எந்த மாதிரி ஆள் என்பது முதல் குளிரிலேயே தெரிந்துவிடும். கிறிஸ்துமஸுக்குப் பெரிய வீட்டு ஹாலில் வைக்க இருபதடி மரம் வெட்டிக் கொடுத்தால் ஒரு பாட்டில் விஸ்கி வரும். குடிக்காதவர் என்றால் கேம்கீப்பரிடம் கொடுங்கள், இரண்டு மாதத்துக்கு மான் கறி நிச்சயம்.

வேலையை விடும்போது வீட்டையும் விட வேண்டியிருக்கும், இரண்டும் ஒரே ஒப்பந்தம். எனவே போக முடிவெடுத்தால், போக இடம் பார்த்த பிறகு ஃபேக்டரிடம் சொல்லுங்கள். நற்சான்றிதழை நீங்களே எழுதிக்கொண்டு போனால் கையெழுத்துப் போட்டுவிடுவார், அவருக்கு எழுத வராது. விசா முடிந்து ஊர் திரும்பினால் அடுத்து நடப்பது கல்யாணப் பேச்சு, அதற்கும் இந்தச் சான்றிதழ் உதவும். வெளிநாட்டில் எஸ்டேட்டில் இருந்தார் என்று தரகர் சொல்லிவைத்திருப்பார். நீங்களாக அதைத் திருத்தப் போக வேண்டாம். பெண்ணுடைய மாமா எத்தனை ஏக்கர் என்று கேட்பார். இருபதாயிரம் என்று சொல்லிவிட்டுக் காபியை எடுத்துக்கொள்ளுங்கள். யாருடையது என்று பெண் கேட்டால், அந்தச் சம்பந்தத்தை முடித்துவிடுங்கள்.